இணையக் குழுவும் உள்ளூர் கிளப்பும்: சென்னை டிரையத்லான் கிளப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றையும் ஒரே போட்டியில் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லானுக்கு நம் ஊரில் பயிற்சி நடத்தும் கிளப்புகளில் அண்மைக்காலமாக ஒரு பேச்சு வலுத்து வருகிறது. திரை வழியாகக் கூடிப் பயிற்சி செய்யும் இணையக் குழுக்களில் உறுப்பினராக இருப்பவர்கள் அங்கிருந்து விலக வேண்டும், இல்லையென்றால் நம் கிளப்பை விட்டு விலக வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. இது இன்னும் எழுதப்பட்ட விதியாகவில்லை என்றாலும், கடல் நீச்சல் முடிந்து கரையில் நிற்கும்போதும், வாட்ஸ்அப் குழுக்களிலும், உறுப்பினர் சந்தா புதுப்பிக்கும் வேளையிலும் அது விதியைப் போலவே சொல்லப்படுகிறது. இரண்டு வகைக் குழுக்களிலும் இருக்கும் ஓர் உறுப்பினராக இந்த மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று உறுப்பினர்களைக் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக, உள்ளூர் கிளப்பின் உறுப்பினர் என்றால் கிளப்புக்காக என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதி வையுங்கள்.

இந்த இரட்டை உறுப்புரிமை எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன். 2020 மார்ச் மாத ஊரடங்கில் நீச்சல் குளங்கள் மூடப்பட்டன, கடற்கரைகளுக்குச் செல்லத் தடை வந்தது, போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரத்தாயின. அதே ஆண்டு ஏப்ரலில், நீண்ட தூர டிரையத்லான் போட்டிகளை நடத்தும் அயர்ன்மேன் நிறுவனமே மெய்நிகர் போட்டிகளைத் தொடங்கியது. மிதிவண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றி, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பூட்டி, ஸ்விஃப்ட் போன்ற செயலிகளில் முகம் தெரியாத மனிதர்களோடு நம்மில் பலர் வண்டி மிதித்தது அப்போதுதான். உள்ளூர் கிளப் எதையும் நடத்த முடியாமல் இருந்த அந்த மாதங்களில் பயிற்சியை விட்டுவிடாமல் பலரைத் தாங்கிப் பிடித்தவை இணையக் குழுக்களே. குளங்கள் திறந்ததும் அவர்கள் நம்மிடம் திரும்பி வந்தார்கள். தாங்கிப் பிடித்த குழுவை உதறிவிட்டு வரவில்லை என்பதைக் குற்றமாகக் கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஊரடங்கு முடிந்து இத்தனை காலமான பின்னும் அவர்கள் அங்கே தொடர்வதற்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன. சென்னையில் மலை இல்லை. ஏலகிரிக்கோ, ஏற்காட்டுக்கோ, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ போய் ஏற்றத்தில் மிதித்துப் பழக வேண்டுமென்றால் வார இறுதி முழுவதும் அதற்கே போய்விடும். டிரெய்னரோடு இணையும் செயலியில், பிரான்சின் ஆல்ப் துவே மலைப்பாதையை அதன் 21 வளைவுகளோடு அப்படியே வடித்து வைத்திருக்கிறார்கள். அலுவலகம் முடிந்து வந்து ஒரு மாலைப்பொழுதில் அதில் ஏறி இறங்கிவிடலாம். இது கடற்கரை ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

அடுத்த காரணம் இதைவிட முக்கியமானது. நம் கிளப்புகளின் நீண்ட மிதிவண்டிப் பயிற்சி விடியலுக்கு முன்பே, பெரும்பாலும் நான்கரை, ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்குகிறது. வெயிலுக்கும் போக்குவரத்துக்கும் முன்னால் முடிக்க வேண்டுமானால் வேறு வழியில்லை. ஆனால் கைக்குழந்தை உள்ள தாய்க்கும், படுக்கையில் இருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவருக்கும், இருட்டில் தனியாக வீட்டிலிருந்து கிளம்பிவரத் தயங்கும் பெண்ணுக்கும் அந்த நேரம் கதவை அடைத்துவிடுகிறது. குழந்தை உறங்கும் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குள்ளேயே பயிற்சியை முடிக்க இணையக் குழு அவர்களுக்கு வழி தருகிறது. நாம் வகுக்கும் விதி அவர்களை இந்த விளையாட்டிலிருந்தே வெளியேற்றிவிடக் கூடாது. தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை சென்னைக்கு வந்து நம்மோடு நீந்தும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் அவர்களுக்கு இருக்கும் ஒரே கிளப் இணையத்தில்தான் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன நான், பொறுப்பாளர்களாகிய உங்கள் மனக்குறை வெறும் பொறாமை என்று ஒருபோதும் நினைக்கவில்லை. அந்தக் குறையின் வேர் கடலில் இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும்.

ஒலிம்பிக் தூரப் போட்டியில் 1.5 கிலோமீட்டர், கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற பாதித் தூரப் போட்டியில் 1.9 கிலோமீட்டர், முழு அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். குளத்தில் இந்தத் தூரத்தை எளிதாக முடிப்பவர்கள்கூடக் கடலில் இறங்கிய முதல் நாளில் இருநூறு மீட்டரில் மூச்சுத் திணறி நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நம் கடல் வெதுவெதுப்பானது. குளிர்ந்த நாடுகளில் மிதப்பதற்குத் துணைசெய்யும் நீச்சல் உடை இங்கே பொருந்தாது, போட்டி விதிகளும் இவ்வளவு வெப்பமான நீரில் அதை அனுமதிப்பதில்லை. எனவே நம் ஊர்க்காரர் ஒருவர் தம் உடல் திறனை மட்டுமே நம்பி நீந்த வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி இழுக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது தெற்கு நோக்கித் திரும்பும். நேர்கோட்டில் நீந்துவதாக நினைத்துக்கொண்டே ஒருவர் கரையிலிருந்த அடையாளத்தை வெகுதூரம் தாண்டிப் போய்விடுவார். அலை உடையும் இடத்தை எப்போது கடப்பது, எந்த அலைக்கு அடியில் முங்கி வெளிவருவது, கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல் பக்கவாட்டில் விலகுவது எப்படி, ஜெல்லிமீன்கள் திரளும் நாட்களில் இறங்கலாமா வேண்டாமா ஆகிய கேள்விகள் எதற்கும் வேறொரு கண்டத்தில் இருக்கும் பயிற்சியாளர் திரையில் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது. நம் குப்பங்களின் மீனவர்கள் சொல்ல முடியும். அவர்களிடம் கேட்டுப் பழகிய மூத்த நீச்சல்காரர்கள் சொல்ல முடியும்.

கடலில் ஒருவர் நீந்த வேண்டுமானால் நீந்தாமல் சிலர் நிற்க வேண்டும். இறங்கியவர்களின் தலைகளை எண்ணி, ஏறியவர்களின் தலைகளை மறுபடி எண்ணும் ஒருவர் கரையில் வேண்டும். கண்ணில் படும் நிறத்தில் மிதவையை இடுப்பில் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஒருவர் வேண்டும். துணைக்கு வரும் ஃபைபர் படகுக்கு வாடகை பேசி, டீசல் போட்டு, படகோட்டியோடு கூடவே போக ஒருவர் வேண்டும். 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓஹூ தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். அந்தப் பதினைந்து பேரும் தத்தம் துணையாட்களைத் தாங்களே அழைத்து வர வேண்டியிருந்தது. தனி மனிதரின் வைராக்கியத்துக்கு அடையாளமாகப் பேசப்படும் அந்தப் போட்டியும் உடன் நின்றவர்கள் இல்லாமல் நடந்திருக்காது. நம் கிளப்புகளில் அந்தத் துணையாட்கள் சம்பளம் வாங்குவதில்லை. தம் பயிற்சியை அன்றைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கரையில் நிற்கிறார்கள்.

உங்கள் வருத்தம் இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இணையக் குழுவின் போட்டி இருக்கிறது என்று சொல்லிக் கரைப் பொறுப்புக்கு வராதவர், கோவாப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது மட்டும் மிதவையோடு வந்து நிற்கிறார். அவருக்காகவும் யாரோ ஒருவர் தலை எண்ணுகிறார். இது அநீதிதான். ஆனால் இணையக் குழுவில் சேரக் கூடாது என்ற விதி இந்த அநீதியைச் சரிசெய்யாது. எந்த இணையக் குழுவிலும் இல்லாமல், கரைப் பொறுப்புக்கும் வராத உறுப்பினர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று நீங்களே அறிவீர்கள். மாறாக, இணையக் குழுவில் தீவிரமாக இருந்துகொண்டே ஒவ்வொரு முறையும் படகில் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். விதி தண்டிக்க வேண்டியவர்களை விட்டுவிட்டுத் தண்டிக்கக் கூடாதவர்களைத் தண்டிக்கும்.

ஆகவே கரைப் பொறுப்பை உறுப்புரிமையின் நிபந்தனையாக்குங்கள். ஒரு பருவத்துக்கு இத்தனை நாள் கரையிலோ படகிலோ நிற்க வேண்டும், நிற்காதவர் அடுத்த பருவத்தில் கடல் பயிற்சிக்கு வர முடியாது என்று எழுதுங்கள். எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு கிளப்பும் தன் உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளலாம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் உடல்நலக் குறைவால் நிற்க முடியாதவர்களுக்கும் வேறு வேலை கொடுக்கலாம். படகுக் கணக்கு பார்ப்பதும், புதியவர்களின் அவசரத் தொடர்பு எண்களைத் தொகுத்து வைப்பதும் வேலைதான்.

சாலையைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால், அயர்ன்மேன் 70.3 போட்டியின் 90 கிலோமீட்டர் ஏறத்தாழ அப்படியே கிடைத்துவிடுகிறது. ஆனால் நம் குழுப் பயணங்களில், முன்னால் போகிறவர் காற்றை மறைக்க, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகிறோம். தொழில்முறை வீரர் அல்லாத வயதுப் பிரிவினருக்கான நீண்ட தூரப் போட்டிகளில் அது விதிமீறல். அயர்ன்மேன் போட்டியில் முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். டிரெய்னரில் தனியாக, சீரான வேகத்தில் நீண்ட நேரம் மிதித்துப் பழகியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நன்றாகத் தேறி வருவதை நான் கவனித்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டவும், பேருந்து உரசிப் போகும்போது வண்டியை நடுங்காமல் பிடிக்கவும், எதிர்க்காற்றில் குனிந்து மிதிக்கவும் சாலைதான் கற்றுத்தரும். இரண்டும் வேண்டும் என்பதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உடலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டு குழுக்களில் இருப்பவருக்கு வரும் உண்மையான ஆபத்து, இரண்டு பயிற்சித் திட்டங்கள் ஒரே உடலில் மோதிக்கொள்வதுதான். இணையக் குழுவின் திட்டப்படி வியாழன் இரவு கடினமான மிதிவண்டிப் போட்டி. லண்டனில் குளிர்காலத்து மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் போட்டி நமக்கு இரவு பதினொன்றரை மணி. முடித்துக் குளித்துப் படுக்கும்போது ஒரு மணி ஆகிவிடும். வெள்ளிக்கிழமை அலுவலகம். சனிக்கிழமை அதிகாலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளூர் கிளப்பின் மெதுவான நீண்ட பயணம். கோவளம் தாண்டியதும் யாராவது ஒருவர் வேகம் பிடிக்க, அதுவும் போட்டியாகிவிடுகிறது. ஞாயிறு நீண்ட ஓட்டம். இப்படி எல்லா நாளும் கடினமான நாளாகிவிட்டால் உடல் தேறுவதற்கு இடமே இல்லை. நார்வேயில் பணிபுரியும் உடலியல் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர் உலகத் தரமுள்ள நீண்ட தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மெதுவான, எளிதான வேகத்தில்தான் அமைகின்றன என்று காட்டினார். நம்மைப் போல் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு பயிற்சி செய்பவர்களுக்கு ஓய்வு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

இதோடு வெப்பமும் சேர்கிறது. சென்னையில் மே மாதத்து விடியலிலேயே வெப்பம் 27, 28 டிகிரி இருக்கும், காற்றில் ஈரப்பதமும் மிகுந்திருக்கும். குளிர் நாட்டில் வகுக்கப்பட்ட திட்டத்தில் இருக்கும், மிதிக்கும் திறனைக் குறிக்கும் வாட் அளவையும் ஓட்ட வேகத்தையும் அந்த நிலையில் அப்படியே பிடித்தால் இதயத் துடிப்பு எல்லை தாண்டும். மின்விசிறி போதாத அறையில் டிரெய்னரில் மிதிப்பது வெளியில் மிதிப்பதைவிடவும் சூடாக இருக்கும். இதை உறுப்பினருக்கு நேரில் பார்த்து, முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் உள்ளூர்ப் பயிற்சியாளர்கள்தான். ஆனால் அந்த உறுப்பினர் வேறொரு திட்டத்தையும் பின்பற்றுகிறார் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்தால்தான் சொல்ல முடியும். விலக்கிவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். வியாழன் இரவுப் போட்டியை மறைத்துவிட்டுச் சனிக்கிழமை வண்டியில் ஏறுகிறவர், களைப்பில் தடுமாறி விழுந்தால் பின்னால் வரும் நான்கு பேரும் விழுவார்கள். தடைவிதி கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய கேடு இந்த மறைப்புதான்.

உறுப்பினர் எவரும் ஒரு பருவத்தில் ஒரே ஒரு பயிற்சித் திட்டத்தையே பின்பற்ற வேண்டும், அது யாருடைய திட்டம் என்பதை இரு தரப்புக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது என் பரிந்துரை. மற்றக் குழு அவருக்குத் தோழமையாக இருக்கட்டும்; அங்கே போய் அந்தத் திட்டம் அனுமதிக்கும் வேகத்தில் மட்டும் அவர் மிதிக்கட்டும். இணையக் குழுவின் திட்டத்தைத் தேர்ந்தவர் சனிக்கிழமைப் பயணத்தில் பின்வரிசையில் மெதுவாக வந்தால் அவரைக் கேலி செய்யாமல் விடுவது நம் பொறுப்பு.

போட்டியில் எந்தக் கிளப்பின் பெயரில் ஓடுவது என்ற சிக்கலும் இருக்கிறது. அயர்ன்மேன் போட்டிகளில் வீரர்கள் தம் கிளப்பின் பெயரைப் பதிவு செய்கிறார்கள். அதன்வழி கிளப்புகளுக்குப் புள்ளிகளும் தரவரிசையும் கிடைக்கின்றன. கரையில் நின்று நாம் வளர்த்த ஒருவர் பந்தயக் கோட்டைக் கடக்கும்போது வேறொரு பெயருக்குப் புள்ளி போவது வலிக்கத்தான் செய்யும். இதற்குப் பிரிட்டனின் தடகளக் கிளப்புகள் நெடுங்காலமாக ஒரு வழி வைத்திருக்கின்றன. அங்கே ஒருவர் ஒரு கிளப்பில் முதல் உரிமை உறுப்பினராகவும், வேறு கிளப்புகளில் இரண்டாம் உரிமை உறுப்பினராகவும் இருக்கலாம். அணிப் போட்டியில் பொதுவாக முதல் கிளப்புக்கே ஓட வேண்டும். மற்றக் கிளப்புகளோடு பயிற்சி செய்யத் தடையில்லை. யாரும் யாரையும் ஏமாற்றியதாகப் பேச்சு எழாததற்குக் காரணம், எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதுதான். நாமும் அப்படியே செய்யலாம். கிளப்பின் கடல் பயிற்சியை முழுமையாகப் பயன்படுத்துகிறவர் நமக்கு முதல் உறுப்பினராக இருக்கட்டும், போட்டியில் நம் பெயரைப் பதிவு செய்யட்டும், பொதுக்குழுவில் வாக்களிக்கட்டும். இணையக் குழுவே தமக்கு முதன்மை என்று நேர்மையாகச் சொல்பவருக்கு இரண்டாம் உறுப்புரிமை கொடுத்து, ஆண்டுச் சந்தாவைக் குறைத்து, கடலில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் படகுச் செலவில் அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம். கரைப் பொறுப்பு மட்டும் இருவருக்கும் பொது.

இந்த விளையாட்டு பிறந்த கதையையும் உங்கள் முன் வைக்கிறேன். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், மிஷன் விரிகுடாவின் கரையில், டிரையத்லான் என்ற பெயரில் ஒரு போட்டி நடந்தது. 46 பேர் கலந்துகொண்டார்கள். அதை நடத்தியது சான் டியேகோ டிராக் கிளப் என்ற ஓட்டக்காரர்களின் கிளப். அதன் உறுப்பினர்களான ஜாக் ஜான்ஸ்டோனும் டான் ஷனஹனும் அந்த யோசனையோடு வந்தபோது, ஓட்டக் கிளப்புக்கு நீச்சலும் மிதிவண்டியும் எதற்கு என்று கேட்டு அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை, தன் போட்டிகளுள் ஒன்றாக அதைச் சேர்த்துக்கொண்டது. 26 ஆண்டுகள் கழித்து, 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அந்த விளையாட்டு அரங்கேறியது. வெளியில் கற்றதை உள்ளே கொண்டுவர உறுப்பினர்களுக்கு இடம் கொடுத்த ஒரு கிளப்பின் பிள்ளைகள் நாம்.

இணையக் குழுக்களை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சில வார்த்தைகள். வாரத்துக்கு இத்தனை நிகழ்வுகளில் கலந்துகொண்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். உள்ளூர் கிளப்போடு போன நீண்ட பயணத்தையும் உங்கள் கணக்கில் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருக்கும் உறுப்பினர்களுக்கு நள்ளிரவுக்கு முன் முடியும் ஒரு நேரத்தையாவது ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பயிற்சித் திட்டத்தில் கடல் நீச்சல் என்று எழுதும்போது, உள்ளூரில் துணையும் படகும் இல்லாமல் இறங்கக் கூடாது என்று அதே வரியில் எழுதுங்கள். திட்டத்தில் இருக்கிறது என்பதற்காக ஒருவர் தனியாகக் கடலில் இறங்கிவிட்டால், திரைக்கு அப்பால் இருக்கும் உங்களால் எதுவும் செய்ய முடியாது.

பொறுப்பாளர்களே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் நம் கடல் பயிற்சி பல வாரங்கள் தடைப்படும். சந்தா புதுப்பிக்கும் காலத்துக்கு முன்பான அந்த வாரங்களில் பொதுக்குழுவைக் கூட்டி, கரைப் பொறுப்பு, ஒரே பயிற்சித் திட்டம், முதல் மற்றும் இரண்டாம் உறுப்புரிமை ஆகியவற்றை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இருட்டில் வர முடியாத தாய்மார்களையும் வெளியூர் உறுப்பினர்களையும் அந்தக் கூட்டத்தில் காணொளி வழியாகவாவது பேச அனுமதியுங்கள். தடைவிதி வந்தால் முதலில் பாதிக்கப்படப் போகிறவர்கள் அவர்கள். விதிகளின் வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரவும், கரைப் பொறுப்புப் பட்டியலை முதல் ஆண்டு முழுவதும் பராமரிக்கவும் நான் முன்வருகிறேன்.

அன்புடன்,
இரு குழுக்களிலும் உள்ள ஓர் உறுப்பினர்,
சென்னை